ஊட்டி மலையில் காரின் நேவிகேஷன் ஏன் குழம்புகிறது?

ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் கொஞ்ச தூரம் போனால் தலைகுந்தா வரும். அங்கே வலது பக்கம் பிரியும் சாலை, கல்லட்டி மலைப்பாதை வழியாக மசினகுடிக்கு இறங்குகிறது. மைசூரு போகவேண்டும் என்று நேவிகேஷனில் போட்டிருந்தால், குறைந்த தூரத்தைத் தேடும் எந்தக் கருவியும் அந்த வலது பக்கத்தைத்தான் காட்டும். வண்டி திரும்பும். அங்கே நிற்கும் போலீஸ்காரர் பதிவெண்ணைப் பார்ப்பார். டிஎன் 43, அதாவது நீலகிரிப் பதிவு இல்லையென்றால் இறங்க விடமாட்டார். "மேப்ல ரோடு இருக்கே சார்" என்பார் ஓட்டுபவர். சாலை இருப்பது உண்மைதான். வெளியூர் வண்டி அதில் கீழே இறங்கக் கூடாது என்ற விதி அந்த மேப்பில் இல்லை.

லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய கார், பெரிய திரை, இனிமையான குரல். இருந்தும் நீண்ட பயணத்தில், அதுவும் மலைக்கு வந்ததும், இந்தக் கருவி கைவிடுகிறது. காரணத்தைப் புரிந்துகொள்ள, அதற்குள் என்ன நடக்கிறது என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

மூன்று அடுக்குகள்

பேச்சில் நாம் எல்லாவற்றையும் சேர்த்து "ஜிபிஎஸ்" என்கிறோம். உண்மையில் அதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன.

1. இடம்: வண்டி இப்போது பூமியில் எங்கே நிற்கிறது.
2. சாலை: அந்த இடத்தைச் சுற்றி என்னென்ன சாலைகள், எது எதோடு சேர்கிறது.
3. விதி: அந்தச் சாலையில் யார், எந்த நேரத்தில், எந்தத் திசையில் போகலாம்.

முதல் அடுக்கு பழசாவதே இல்லை. இரண்டாவது சில வருடங்களில் பழசாகிறது. மூன்றாவது சில நாட்களில், மலையில் சில சமயம் சில மணி நேரத்திலேயே மாறிவிடுகிறது. காரோடு வரும் நேவிகேஷன் முதல் அடுக்கில் கெட்டிக்காரன், இரண்டாவதில் சுமார், மூன்றாவதில் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாதவன்.

இடம் எப்படித் தெரிகிறது

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுற்றுகின்றன. குறைந்தது 24 இருக்க வேண்டும் என்பது அந்த அமைப்பின் கணக்கு. ஒவ்வொன்றும் தன் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து, கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், கருவியின் சொந்தக் கடிகாரப் பிழை என்று கண்டுபிடிக்க வேண்டியவை நான்கு. அதனால் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் கண்ணில் பட வேண்டும். இதற்கு இன்டர்நெட் வேண்டாம், சிம் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். செயற்கைக்கோள் நம்மைப் பற்றி எதையும் தெரிந்துகொள்வதில்லை. சாலை என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

இந்த வேலையில் போனைவிடக் கார் மேல் என்பதையும் சொல்ல வேண்டும். காரில் ஆன்டெனா பெரும்பாலும் கூரையில் இருக்கும். சக்கரம் எத்தனை முறை சுற்றியது, வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்பதெல்லாம் சென்சார்கள் வழியாக நேவிகேஷனுக்குப் போகும். முதுமலைக் காட்டின் அடர்ந்த மரங்களுக்குக் கீழேயோ, ஒரு பக்கம் பாறைச் சுவராக நிற்கும் பர்லியாறு வளைவிலோ சிக்னல் தடுமாறினாலும், இந்தக் கணக்கை வைத்து வண்டியின் இடத்தை ஓரளவு சரியாகப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் ஒரு வேலை நடக்கிறது. கிடைத்த புள்ளி எப்போதும் சில மீட்டர் தள்ளித்தான் விழும். அதனால் கருவி, "வண்டி சாலையில்தான் இருக்கும்" என்று வைத்துக்கொண்டு, பக்கத்தில் உள்ள சாலையோடு அந்தப் புள்ளியை ஒட்டிவிடுகிறது. சமவெளியில் இது பிரமாதமாக வேலை செய்யும். கொண்டை ஊசி வளைவில், சாலையின் கீழ்க் கையும் மேல் கையும் மேலிருந்து பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். உயரம் தெரியாத தட்டையான மேப்பில் எது கீழே, எது மேலே என்று பிரிக்க வழியில்லை. திரையில் கார் திடீரென்று ஒரு வளைவைத் தாவிக் குதிப்பது இதனால்தான். மேப்பில் இல்லாத புதிய சாலையில் போனாலோ ஒட்டுவதற்கு எதுவும் கிடைக்காது. கார் வயல் நடுவே மிதக்கும், குரல் திரும்பத் திரும்ப "யூ டர்ன் எடுங்கள்" என்று சொல்லும்.

வாங்கும் நாளிலேயே பழசு

சாலை அடுக்கு காருக்குள் வந்து சேரும் வழி நீளமானது. மேப்மைஇந்தியா, ஹியர், டாம்டாம் போன்ற மேப் நிறுவனங்கள் வண்டிகளை ஓட்டியும் படங்களைப் பார்த்தும் தரவு சேர்க்கின்றன. அது காரின் திரைக்குப் போவதற்குள்:

1. மேப் நிறுவனம் ஒரு தேதியில் தரவை நிறுத்தி ஒரு பதிப்பாக வெளியிடுகிறது. அந்தத் தேதிக்குப் பிறகு திறந்த சாலை அதில் இருக்காது.
2. காரின் டச் ஸ்கிரீன் யூனிட்டைச் செய்யும் நிறுவனம், தன் கருவி படிக்கக்கூடிய வடிவத்துக்கு அதை மாற்றிச் சோதிக்கிறது. இதற்கே பல மாதம் ஆகும்.
3. கார் நிறுவனம் அதை அந்த மாடலுக்கு என்று உறுதி செய்கிறது. அதற்குப் பிறகு தொழிற்சாலையில் இருந்து வரும் வண்டிகளில் அதே பதிப்புதான் ஏறும்.
4. வண்டி டீலரின் யார்டில் நிற்கிறது, பிறகு விற்கிறது.

ஆக, ஷோரூமில் பூஜை போட்டு எடுக்கும் அன்றைக்கே மேப்புக்கு ஒரு வயது ஆகியிருக்கலாம், அதற்கு மேலும் ஆகியிருக்கலாம். விற்பவர் இதைச் சொல்வதில்லை. பிஸ்கட் பாக்கெட்டில்கூடத் தேதி அச்சடித்திருக்கிறது.

இந்தியாவில் இதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. மேப் தயாரிக்கத் தரவு சேகரிப்பதற்குப் பல அனுமதிகள் வேண்டியிருந்தன. 2021 பிப்ரவரியில்தான் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தி, இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி இல்லாமல் தரவு சேகரிக்கலாம் என்றது. அதற்கு முன் விற்ற கார்களின் மேப்புகள் அந்தப் பழைய காலத்தில் தயாரானவை.

மலைக்கு வருமுன்பே தொடங்கும் குழப்பம்

பெங்களூருவிலிருந்து ஊட்டி வருபவர்களுக்கு நல்ல உதாரணம் இருக்கிறது. பெங்களூரு–மைசூரு புதிய விரைவுச்சாலை 2023 மார்ச் 12 அன்று முறையாகத் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 118 கிலோமீட்டர். ராமநகரா, சென்னபட்டணா, மத்தூர், மண்டியா எல்லாவற்றுக்கும் பைபாஸ் இருக்கிறது. 2019இல் வாங்கிய காரின் மேப்பில் இது எதுவும் கிடையாது. அது உங்களை ஒவ்வோர் ஊருக்குள்ளும் அழைத்துப் போகப் பார்க்கும், அல்லது பைபாஸில் ஏறியதும் திணறும்.

சாலை எண்களும் அப்படித்தான். 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண்கள் வந்தன. சேலம்–கோவை வழியாகப் போகும் பழைய 47 இப்போது 544. மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, கூடலூர் என்று போகும் பழைய 67 இப்போது 181. பழைய மேப் ஒரு எண்ணைச் சொல்லும், பச்சைப் பலகை வேறு எண்ணைக் காட்டும். இரவில், மழையில், பிரியும் இடத்தில் நிற்கும்போது இது சின்ன விஷயம் இல்லை.

ஊர்ப் பெயர்களைத் தேடுவது தனிக் கஷ்டம். ஊட்டி, உதகை, உதகமண்டலம், ஆங்கிலேயர் எழுதிய ஊட்டகமண்ட் என்று ஒரே ஊருக்கு இத்தனை பெயர்கள். ஆங்கில எழுத்தில் ஒன்று மாறினாலும் பழைய கருவிகள் "கிடைக்கவில்லை" என்று கைவிரித்துவிடும்.

மலையில் கணக்கு ஏன் தப்புகிறது

வழி கண்டுபிடிக்கும் முறையின் அடிப்படை, நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்டது. சந்திப்புகள் எல்லாம் புள்ளிகள், இடையில் உள்ள சாலைகள் கோடுகள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு விலை. மொத்த விலை எந்த வழியில் குறைவோ, அதுதான் பதில். இந்த முறையில் பிழை இல்லை. கோட்டுக்குப் போடும் விலையில்தான் பிழை வருகிறது. நேரடித் தகவல் இல்லாத கருவி, சாலையின் வகையைப் பார்த்து ஒரு வேகத்தை ஊகித்துக்கொள்ளும். தூரத்தை அந்த வேகத்தால் வகுத்தால் விலை வந்துவிடும்.

முதுமலைக்குள், மைசூரு சாலையில் இருக்கும் தெப்பக்காட்டில் இதைப் போட்டுப் பார்க்கலாம். அங்கிருந்து ஊட்டிக்கு மசினகுடி, கல்லட்டி வழி சுமார் 36 கிலோமீட்டர். கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழி சுமார் 67. இரண்டுக்கும் 40 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால், முதலாவது 54 நிமிடம், இரண்டாவது 100 நிமிடம். யார் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பார்கள்? ஆனால் கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றம் செங்குத்து. பல வளைவுகளை முதல் கியரில்தான் ஏற முடியும். இறங்கும்போது நிலைமை இன்னும் மோசம். மலை ஓட்டிப் பழகாதவர் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்குவார். பிரேக் சூடேறி, எண்ணெய் கொதித்து, பெடல் உள்ளே போகும், வண்டி நிற்காது. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகளின் கார் இந்தப் பாதையில் பள்ளத்தில் விழுந்தது. வெளியே தெரிய இரண்டு நாள் ஆனது. அதன் பிறகுதான் வெளியூர் வண்டிகள் மீதான கட்டுப்பாடு இறுகியது. 54 நிமிடம் என்ற கணக்கில் இது எதுவும் ஏறவில்லை.

இப்போது மூன்றாவது அடுக்கு. நீலகிரியில் சாலைகள் மாறுவதைவிட விதிகள் அதிகமாக மாறுகின்றன.

1. இரவுத் தடை. பந்திப்பூர் காட்டு வழியில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை. முதுமலைப் பக்கமும் இதே நேரம்தான். யானையும் மானும் சாலையைக் கடக்கும் நேரம் அது. மாலையில் பெங்களூருவில் கிளம்பினால், நள்ளிரவுக்குள் ஊட்டி என்று திரை காட்டும். காட்டின் வாசலில் கேட் மூடியிருக்கும், குழந்தைகளோடு ராத்திரி முழுக்க வண்டியில் உட்கார வேண்டியதுதான். நேரத்தோடு சேர்ந்த தடையை எழுதிவைக்க மேப்பில் இடம் உண்டு. யாரும் நிரப்பாவிட்டால் அது காலியாகவே இருக்கும்.

2. சீசன் ஒருவழிப் பாதை. கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் போலீசார் அனுப்புகிறார்கள். சீசன் முடிந்ததும் பழையபடி இருவழி. காரின் மேப்புக்கு வருடம் முழுக்க ஒரே நாள்தான்.

3. இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் ஆனது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. சாலை திறந்திருக்கும், உங்களுக்கு மட்டும் திறந்திருக்காது. இதை எந்த மேப்பும் கோடாக வரைய முடியாது.

4. மழை. 2009 நவம்பரில் நிலச்சரிவுகள் குன்னூர் சாலையைத் துண்டித்தன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி நாளில் நேற்றைய மேப்பே பழசு.

5. காட்டுச் சாலைகள். மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் பாதை 43 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது, வனத்துறைச் சோதனைச் சாவடிகள் உள்ளது. மேப்பில் அது கோவைக்கு மூன்றாவது வழி, அவ்வளவுதான்.

கடைசியாகச் சொன்னதற்குப் பழனி மலையில் இதைவிடப் பெரிய உதாரணம் இருக்கிறது. கொடைக்கானலிலிருந்து பேரிஜம், டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறுக்கு ஒரு சாலை இருந்தது. 1990இல் மூடப்பட்டது. காடு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது. பேரிஜம் ஏரிவரை போகவே வனத்துறையின் அனுமதி வேண்டும். பழைய தரவில் அந்தக் கோடு ஒட்டிக்கொண்டிருந்தால், கருவிக்கு அது அருமையான குறுக்கு வழி. நேர்க்கோட்டில் பார்த்தால் கொடைக்கும் மூணாறுக்கும் சுமார் 50 கிலோமீட்டர்தான். உண்மையில் வத்தலக்குண்டு இறங்கி, தேனி, போடி சுற்றித்தான் போக வேண்டும்.

அப்டேட் செய்தால் தீராதா?

ஓரளவு தீரும். ஆனால் அதற்கும் பூட்டு போட்டிருக்கிறார்கள். பல கார்களில் மேப் ஒரு எஸ்டி கார்டில் வரும். அந்தக் கார்டு அந்த ஒரு வண்டியோடு பிணைக்கப்பட்டிருக்கும், நகல் எடுத்துப் போட முடியாது. புது கார்டுக்கு நல்ல விலை. சில மாடல்களுக்கு மூன்று வருடம் போல இலவச அப்டேட் தருவார்கள், அதற்குப் பிறகு பணம். யூனிட்டின் நினைவகம் சிறியது என்பதால், வளர்ந்துவிட்ட புது மேப் அதில் அடங்காமலும் போகலாம். மாடல் நின்றுபோனால் அப்டேட்டும் நின்றுவிடும். சிம் உள்ள கார்களில் சந்தா முடிந்ததும் டிராஃபிக் தகவல் அணைந்துவிடும், மேப் மட்டும் மிஞ்சும்.

நம் நாட்டில் தனியார் காரின் பதிவு 15 வருடத்துக்குச் செல்லும். மேப்புக்கு மட்டும் ஆயுள் அதில் ஒரு சிறு பங்குதான். இது சரியில்லை. விற்கும்போதே மேப்பின் தேதியைப் பில்லில் எழுதித் தர வேண்டும். பதிவு இருக்கும்வரை நியாயமான விலையில் அப்டேட் தர வேண்டும். கார் வாங்கியவர் திரையையே நம்பி ஓட்டுகிறார், அவர் பின்னால் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. பாட்டு கேட்கும் வசதியையும் இதையும் ஒரே பட்டியலில் வைப்பது தவறு.

போனை நம்பலாமா?

கார்ப்ளே 2014இலும் ஆண்ட்ராய்டு ஆட்டோ 2015இலும் வந்த பிறகு, போனின் மேப்பைக் காரின் திரையிலேயே பார்க்கலாம். சாலை அடுக்கில் போன் தெளிவாக முன்னால் நிற்கிறது. விதி அடுக்கிலும் பரவாயில்லை. சாலை மூடினால் பல சமயம் சீக்கிரம் தெரிந்துவிடும்.

ஆனால் அந்தச் செய்தி வந்துசேர டவர் வேண்டும். முதுமலைக்குள்ளும் மலைச் சரிவுகளிலும் நிறைய இடங்களில் டவர் கிடைக்காது. ஆஃப்லைன் மேப் இறக்கி வைத்திருந்தால் வழி தெரியும், மூடிய சாலை தெரியாது. போனும் தப்பாக வழி சொல்லும். 2024 ஜனவரியில் கூடலூரில், போன் மேப்பைப் பார்த்து ஓட்டிய ஒரு சுற்றுலாக் குழுவின் கார் குடியிருப்பு நடுவே படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. ஊர்க்காரர்களும் போலீசாரும் சேர்ந்துதான் மீட்டார்கள். படிக்கட்டையும் சாலையையும் மேலிருந்து பிரித்துப் பார்ப்பது அத்தனை எளிதில்லை, மலை ஊர்களில் நடைபாதைகளும் சாலை மாதிரியே வளைந்து போகும்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

1. காரின் செட்டிங்ஸில் மேப்பின் பதிப்பும் தேதியும் இருக்கும். ஒரு முறை பாருங்கள். மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால், அதை இடம் காட்டும் கருவியாக மட்டும் வைத்துக்கொண்டு வழிக்குப் போனை நம்புங்கள்.

2. ஊட்டி என்று ஒரே இலக்காகக் கொடுக்காதீர்கள். இதுதான் இருப்பதிலேயே பயனுள்ள வேலை. மைசூருப் பக்கமிருந்து வந்தால் குண்டல்பேட்டை, கூடலூர், பைக்காரா என்று இடை ஊர்களைச் சேர்த்துக் கொடுங்கள். திரும்பும்போதும் கூடலூரைப் போட்டுவிட்டால், தலைகுந்தாவில் கருவி வலது பக்கம் இழுக்காது. வழியை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள், அது துணைக்கு வருகிறது.

3. ஆஃப்லைன் மேப்பை வீட்டில் வைஃபையில் இறக்குங்கள். நீலகிரி மட்டும் போதாது. கேரள, கர்நாடக எல்லைப் பகுதிகளையும் சேருங்கள், ஏனென்றால் கூடலூரிலிருந்து இரண்டு மாநிலமும் பக்கம்தான். பொதுமக்களே சேர்ந்து உருவாக்கும் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தரவில் இயங்கும் செயலி ஒன்றையும் வைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

4. இ-பாஸைப் படமாக எடுத்துப் போனில் சேமித்து வையுங்கள். செக்போஸ்ட்டில் டவர் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

5. திரை சொல்லும் நேரத்தோடு மலைப் பகுதிக்கு மட்டும் பாதி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். பந்திப்பூர் வழி என்றால் இரவு 8 மணிக்கு முன்பே காட்டின் வாசலில் இருக்கிற மாதிரி கிளம்புங்கள்.

6. பலகையும் திரையும் வேறு வேறு சொன்னால் பலகையைக் கேளுங்கள். போலீஸ்காரர் கை காட்டினால் அதைக் கேளுங்கள்.

7. சீசனிலும் மழைக்காலத்திலும் மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்தி, டாக்ஸி ஸ்டாண்டிலோ டீக்கடையிலோ "இன்னைக்கு எந்த ரோடு விடுறாங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காலையில் ஒரு முறை இறங்கி வந்த ஓட்டுநருக்கு, மரம் எங்கே விழுந்திருக்கிறது என்பதுவரை தெரிந்திருக்கும். குன்னூர், கோத்தகிரிச் சாலைகள் பிரிவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது. கல்லாறு தாண்டி வளைவுகள் தொடங்கிவிட்டால் வண்டியைத் திருப்ப இடம் கிடைப்பது கஷ்டம்.